அழித்து அழித்துக் கிழிந்த பக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மகன் ஐந்தாம் ஆண்டு, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறான். 'கெட்டிக்காரன்' என்று ஊரே சொல்லும். இப்போது கடினமான கணக்கு வந்தால் கொப்பியை மூடிவிடுகிறான். (தாய், சாம்பல்தீவு)

சகோதரி, நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கத்தின் படம் என் முன்னால் இருக்கிறது. பின்னக் கணக்கின் விடையை அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிவிட்டது. பிழையை எவரும் பார்த்துவிடக் கூடாதென்று அந்தப் பிள்ளை படும் பாடு அதில் தெரிகிறது. கெட்டிக்காரன் என்ற பட்டத்தைக் காப்பாற்ற அவனுக்குத் தெரிந்த வழி, தோற்கக்கூடிய கணக்கைத் தொடாமல் விடுவதுதான்.

அமெரிக்காவில் உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளிடமே இதைச் சோதித்தார்கள். உளவியலாளர்களான கிளாடியா முல்லரும் கரோல் ட்வெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு அது. முதல் புதிர்களைச் செய்து முடித்ததும் சிலரை 'புத்திசாலி' என்றும், சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து எளிதானதையே கேட்டார்கள். கடினமான புதிர்களில் சறுக்கிய பிறகு, முன்பு செய்ததைப் போன்றவற்றிலும் பின்தங்கினார்கள். தாம் பெற்ற புள்ளியைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில் அதிகம்.

இன்று மாலையே அழிறப்பரை எடுத்து அலுமாரியில் வையுங்கள். பிழைத்த வரியை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, பக்கத்திலேயே மறுபடி செய்யட்டும். "எந்த வரியில் வழி மாறினாய், காட்டு" என்று கேளுங்கள். வெறுமனே "முயன்றாயே, போதும்" என்று தட்டிக்கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அதே பிழையான வழியில் பத்து முறை முயன்றாலும் விடை வராது. திருகோணமலை உள்துறைமுகத்துக் கரையில் வலையைத் திருத்துகிறவரைப் பாருங்கள். முழு வலையையும் நொந்துகொண்டு உட்கார்ந்திருக்கமாட்டார். அறுந்த கண்ணைத் தேடி எடுத்து, அதை மட்டும் கட்டுவார். திறமை பிறவியிலேயே முடிந்துபோனதல்ல, பழகப் பழக வளரும் என்று நம்பும் 'வளர்ச்சி மனப்பாங்கு' என்பதை அதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது.

உயர்தரம் இரண்டாம் முறை எழுதப்போகிறேன். இணைந்த கணிதத்துக்கான மூளை எனக்கு இல்லை என்றே தோன்றுகிறது. மண்டபத்துக்குள் போனால் நெஞ்சு படபடக்கிறது. (மாணவி, உப்புவெளி)

மகள், மூளையைப் பற்றிய தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு, படிக்கும் விதத்தைச் சொல்லுங்கள். கடந்தகால வினாத்தாள்களின் விடைகளை வாசித்து "விளங்குகிறது" என்று தலையாட்டுகிறீர்களா? உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டியது இதைத்தான்: பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் முன்னணியில் நின்றார்கள், ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே அவர்களை முந்தினார்கள். ஆகவே விடையை மூடிவிட்டு எழுதுங்கள். தடுக்கிய இடங்களைத் தனிக் கொப்பியில் குறித்து, மூன்று நாள் கழித்து அந்தக் கணக்குகளை மட்டும் மறுபடி செய்யுங்கள்.

படபடப்பை அடக்கப் போராட வேண்டாம். "உடம்பு தயாராகிறது, எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், படபடப்பை உற்சாகமாக எடுத்துக்கொண்டவர்கள் அமைதியாக இருக்க முயன்றவர்களைவிடக் கணக்கிலும் மேடைப் பேச்சிலும் நன்றாகச் செய்தார்கள். முதல் நாள் இரவுத் தூக்கத்தை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

48 வயதில் அலுவலகத்துக்காகச் சிங்களம் படிக்க முடியுமா? (மூதூர் வாசகர்)

முடியும், ஐயா. லண்டன் டாக்ஸி ஓட்டுநராக, ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் பதிக்க வேண்டும். அதற்கான பரீட்சையில் தேறியவர்களின் மூளையில் நினைவுக்குரிய ஒரு பகுதி பயிற்சிக்குப் பின் பெருத்திருந்ததை 2011இல் அளந்து காட்டினார்கள். அவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். நம் மாவட்டத்தில் பஸ்ஸிலும் சந்தையிலும் சிங்களம் காதில் விழுகிறதே. பிழையாகவேனும் பதில் சொல்லத் தொடங்குங்கள்.

தொழிலும் இல்லை, கடனும் ஏறுகிறது. மனத்தை மாற்றினால் எல்லாம் மாறும் என்கிறார்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. (கடற்றொழிலாளர், நிலாவெளி)

தம்பி, அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்துப் படகு இறக்க முடியாமல் போவது உங்கள் மனத்தின் குறையல்ல. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 மாணவர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில்கூட, வளர்ச்சி மனப்பாங்குப் பயிற்சியால் பின்தங்கிய பிள்ளைகளின் புள்ளி சிறிதளவுதான் ஏறியது. படிப்புக்குப் பயன்படும் சிறிய கருவி அது, கடனை அடைக்காது.

இரண்டு வாரத் தூக்கமின்மை மருத்துவர் பார்க்க வேண்டிய விடயம். அரச வைத்தியசாலைக்குப் போய்த் தூக்கம் இல்லை என்பதையே முதலில் சொல்லுங்கள். உயிரை வெறுக்கும் எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை இப்போதே அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள். கடன் கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். அடுத்த வாரம் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.