கனடாப் போத்தலும் அப்பாவின் நடுக்கமும்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பார்க்கின்சன் வருத்தம், சீனி வருத்தம் இரண்டும் உண்டு. அண்ணா கனடாவிலிருந்து மல்டி விற்றமினும் விற்றமின் ஈயும் அனுப்பினார். அவற்றைத் தொடங்கியபின் காலைக் குளிசை முன்போலப் பிடிப்பதில்லை என்கிறார். விற்றமின் குறைவால்தான் இந்த வருத்தம் வந்ததா? ‘நரம்பு ஊசி’ போடலாமா? — வாசகி, கொக்குவில்

பதில்: மல்டி விற்றமின் போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘அயன்’ என்று இருந்தால் அநேகமாகச் சிக்கல் அங்கேதான். அப்பாவின் பார்க்கின்சன் குளிசையில் உள்ள லெவோடோபா என்ற மருந்தும் இரும்புச்சத்தும் வயிற்றில் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மருந்தில் ஒரு பங்கு இரத்தத்துக்கே போகாது. இரண்டையும் ஒன்றாகத் தேத்தண்ணியோடு விழுங்கினால் மருந்து எப்படிப் பிடிக்கும்? குறைந்தது இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். அந்த மல்டி விற்றமினை நிற்பாட்டினாலும் நட்டமில்லை. லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் கொடுங்கள்.

விற்றமின் குறைந்து வரும் வருத்தமல்ல இது. மூளையில், உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அழிந்துபோவதால் வருவது. விற்றமின் ஈயை அமெரிக்காவிலும், உங்கள் அண்ணா இருக்கும் அதே கனடாவிலும் 800 நோயாளிகளைச் சேர்த்துச் சோதித்தார்கள். எடுத்தவர்களுக்கு நாளுக்கு 2000 அலகு. 1993இல் வந்த முடிவு: வருத்தத்தின் வேகம் குறையவில்லை.

நரம்பு ஊசிக்கு வருவோம். பி1, பி6, பி12 கலவைதான் அது. பி6 நாளுக்கு 2 மில்லிகிராமே தாராளம். இந்த வகைக் குளிசைகள் சிலவற்றில் 100, 200 என்று இருக்கும். மாதக்கணக்கில் எடுத்தால் அந்த பி6 தானே நரம்பைக் கெடுக்கும். கால் விறைக்கும், நடை தள்ளாடும். வீட்டுக்காரர் ‘வருத்தம் கூடிவிட்டது’ என்று அடுத்த ஊசிக்கு ஓடுவார்கள். போடுகிறவருக்கு வியாபாரம்.

இன்னொரு கூட்டம், பவுடர் டின்னை விற்று, கீழே ஆள் சேர்த்துக் கமிஷன் பார்ப்பவர்கள். அநேகமாக உறவுக்காரராகத்தான் வீட்டுக்குள் வருவார்கள். ‘ஆஸ்பத்திரிக் குளிசையை விட்டுவிடுங்கள்’ என்றால் வாசலைக் காட்டுங்கள். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் உடம்பு இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, விற்றமினே வேண்டாமா? பி12 வேறு கதை. அப்பா சைவச் சாப்பாடா? சீனிக்கு மெற்ஃபோமின் எடுக்கிறாரா? நெஞ்செரிவுக்கு ஒமெப்பிரசோல் வருடக்கணக்காகப் போகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலே பி12 குறைய வாய்ப்புண்டு. குறைந்தால் கால் விறைப்பு, தடுமாற்றம், மறதி எல்லாம் வரும். அதையும் பார்க்கின்சன் கணக்கில் எழுதிவிடுவார்கள். பி12 குறைந்தால் இரத்தசோகையும் வரலாம். அதற்கு ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி விற்றமினை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை சரியானதுபோல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ஆகவே ஊசிக்கு முன் இரத்தப் பரிசோதனை. குறைவென்று வந்தால் பி12ஐத் தனியாகப் போடலாம், அது நியாயமான மருத்துவம்.

கிளினிக்கில் இதையெல்லாம் கேட்கமாட்டார்களா என்பீர்கள். விடிய முன்னம் போய் நம்பர் எடுத்து, மத்தியானம் வரை வாங்கில் இருந்தவருக்கு இரண்டு நிமிடம். கொப்பியில் ‘அதே மருந்து’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் எந்தப் போத்தல் இருக்கிறது என்று யார் கேட்கிறார்கள்? அடுத்த முறை போத்தல்களையே பையில் போட்டுக்கொண்டுபோய் மேசையில் வையுங்கள். ‘பி12 பார்க்க வேண்டும்’ என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.