துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் கோர்ட் உத்தரவு: கலிஃபோர்னியா கேள்விகளுக்குப் பதில்

தன்னையோ பிறரையோ சுட்டுவிடுவாரோ என்று பயப்பட வைக்கிறவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுக்கச் சொல்வதுதான் இந்த உத்தரவு. கலிஃபோர்னியாவில் இதற்கான சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மனு எழுத உதவி கேட்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து வருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சில:

அக்கா, அண்ணனுக்கு வேலை போய் மூன்று மாதம். "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்கிறான். அலமாரியில் கைத்துப்பாக்கி இருக்கிறது. (சான் ஹோசே)

நாளைக்கு என்று தள்ளாதேம்மா. இப்போதே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்குக் கூப்பிடு; துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டான் என்றால் அவசர எண் 911. அடுத்து, உங்கள் கவுண்டி (மாவட்டம்) சுப்பீரியர் கோர்ட்டில் இந்த உத்தரவைக் கேட்கும் மனுவான ஜிவி-100 படிவம் கொடு. கட்டணம் இல்லை. "மனசு சரியில்லை" என்று மட்டும் எழுதாதே. எந்தத் தேதி, என்ன வார்த்தை, துப்பாக்கி எந்த அறையில் என்று எழுது. ஒரு தாய், மகன் நள்ளிரவு 1.40-க்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அச்செடுத்து மனுவோடு இணைத்தார். அந்த ஒரு தாள், மூன்று பக்க விளக்கத்தைவிடத் தெளிவாகப் பேசியது. தற்காலிக உத்தரவு தரலாமா என்று அன்றோ மறுநாளோ நீதிபதி முடிவு சொல்வார். 21 நாளுக்குள் விசாரணை. அங்கே உறுதியானால் உத்தரவு ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை நீடிக்கும்.

அவன் பேரில் போலீஸ் கேஸ் ஆகிவிடாதா?

ஆகாது. இது சிவில் உத்தரவு. போலீஸ் கேட்டால் அவன் துப்பாக்கியை உடனே ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸிடமோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ கொடுத்து, 48 மணி நேரத்துக்குள் ரசீதை கோர்ட்டில் காட்ட வேண்டும். மீறினால்தான் குற்றம். விசாரணையில் அவன் தரப்பையும் கேட்பார்கள். நிரூபிக்க வேண்டியது நீதான். பழிவாங்கப் பொய் மனு போட்டால், போட்டவர் மேல்தான் குற்றம்.

நான் நண்பன் மட்டும்தான். மனு போடலாமா?

நேரடியாக முடியாது தம்பி. குடும்பத்தார், ஒரே வீட்டில் இருப்பவர், முதலாளி போன்றவர்களுக்கே அந்த உரிமை. போலீஸிடம் சொல், அவர்கள் போடலாம்.

இதனால் உண்மையிலேயே உயிர் பிழைக்கிறதா?

பிழைக்கிறது. 1999-இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாக இதுபோன்ற சட்டம் கொண்டுவந்த கனெக்டிகட் மாநிலத்தில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்: துப்பாக்கி எடுக்கப்பட்ட 10 முதல் 20 பேருக்கு ஒரு தற்கொலை தடுக்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைப்பதில்லை. சாக வேண்டும் என்ற அந்த வேகம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருக்கக் கூடாது, அவ்வளவே நாம் கேட்பது.

நாங்கள் டெக்சாஸில். அப்பா பற்றித்தான் கவலை.

அங்கே இந்த உத்தரவு இல்லை. அப்பா தெளிவாக இருக்கும் ஒரு காலையில், அவர் மதிக்கும் ஆளை, மாமாவையோ பழைய நண்பரையோ, வீட்டுக்கு வரச் சொல். "நீங்க தேறுற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்" என்று அவர் கேட்கட்டும். துப்பாக்கியோடு தோட்டாவையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்.