துறையூரா, தலவாக்கலையா, கூடலூரா?

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்பம் 1974-ல் இலங்கையின் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கூடலூர் வந்தது. நான் பிறந்தது இங்கேதான். மகளின் பள்ளியில் ‘என் சொந்த ஊர்’ என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். தொண்ணூறு வயது அப்பாயியைக் கேட்டால் தலவாக்கலை என்கிறார். அப்பா ‘நமக்குத் துறையூர்ப் பக்கம்’ என்பார், ஊர்ப் பெயர் தெரியாது. கடைத்தெருவில் இன்றைக்கும் எங்களைச் சிலோன்காரர் என்கிறார்கள். நாங்கள் எந்த ஊர்க்காரர்கள்? பூட்டனார் போன கப்பலின் பட்டியலில் ஊர் இருக்கும் என்கிறார்களே, எப்படித் தேடுவது?

ச., கூடலூர்

அன்புள்ள ச.,

கப்பல் பட்டியலை நம்பி இறங்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மொரீஷியஸ், பிஜி ஆகிய இடங்களுக்கு ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு ஆளுக்கொரு எண் போட்டு, பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் எழுதினார்கள். 1860-ல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன ‘ட்ரூரோ’ கப்பலின் பட்டியல் இன்றும் இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போனது அப்படி அல்ல. தோட்டத்து ஆட்களை மேற்பார்த்த கங்காணி தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்துக் கூட்டமாக அழைத்துப் போனார். கவனமாக எழுதி வைக்கப்பட்டது கடன்தான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக, ‘இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம்’ என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். 1921-ல்தான் அது ஒழிந்தது. பணம் கொடுத்தால் சிலோன் கப்பல் பட்டியலை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள்.

ஆனால் அந்தக் கங்காணி முறையே உங்களுக்கு ஒரு வழியைத் திறக்கிறது. ஆட்கள் தனித்தனியாகப் போகவில்லை. பங்காளி, மாமன் மச்சான், பக்கத்து ஊர்க்காரர் என்று போனார்கள். அதனால் உங்கள் பூட்டனாரின் ஊர் உங்கள் வீட்டுத் தாளில் இல்லாவிட்டாலும் பக்கத்துக் காம்பராக்காரர் (அடுத்த அறையில் குடியிருந்தவர்) வீட்டுத் தாளில் இருக்கலாம். அப்பாயியிடம் ‘நம்ம ஊர் எது’ என்று கேட்டால் தலவாக்கலை என்றுதான் சொல்வார், அது சரியான பதிலும்கூட. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். பெரிய கங்காணி யார், அவர் எந்த ஊர்? நம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) வரிசையாக யார் யார் இருந்தார்கள்? பெண் கொடுத்ததும் எடுத்ததும் எந்தெந்தத் தோட்டத்தில்? கடிதம் எந்த ஊரிலிருந்து வந்தது? தோட்டத்தில் நாம் இருந்த பிரிவு மேற்கணக்கா, கீழ்க்கணக்கா? தோட்டத்தை என்ன பெயரால் அழைத்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியில் பலர் தடுக்கி விழுகிறார்கள். தோட்டத்துக்கு ஆவணத்தில் ஓர் ஆங்கிலப் பெயர், மக்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர். இரண்டையும் வாங்காமல் இலங்கை உறவினரிடம் விசாரித்தால் வேறு தோட்டத்துக்குப் போய்ச் சேர்வீர்கள். அப்பாயி பேசும்போது பதிவு செய்துகொள்ளுங்கள், இடையில் திருத்தாதீர்கள்.

நீங்கள் ‘அப்பாயி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது திருச்சி, தஞ்சைப் பக்கத்துப் பேச்சு. துறையூர் என்று அப்பா சொல்வதோடு ஒத்துப்போகிறது. ஆனால் தோட்டத்தில் பல மாவட்டத்தார் கலந்து வாழ்ந்ததால் ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

சாமியும் வழி சொல்லும், ஆனால் பிரித்துப் பார்க்க வேண்டும். ரோதமுனியைக் கும்பிட்ட குடும்பம் என்றால் அந்தச் சாமியைத் துறையூரில் தேடிப் பயனில்லை. தேயிலை ஆலையின் சக்கரத்தைக் காக்கும் அந்த முனி இலங்கையின் மலைநாடான மலையகத்தில் பிறந்தவர். தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கும் கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது படையல் வாங்கும் கவ்வாத்துசாமியும் அப்படியே. முதல் முடி யாருக்கு இறக்கினீர்கள், பிடிமண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்தச் சாமியின் பெயரோடு ஓர் ஊர் ஒட்டிக்கொண்டு வரும்.

அடுத்து தாள்கள். இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் தங்கிய மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, இந்தியக் கடவுச்சீட்டு, அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள். குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் வந்த இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் ஒரு விசித்திரமான கட்டம் உண்டு: பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். அதற்கடுத்த கட்டம் பூட்டனாருக்கு. பிறந்த குழந்தைக்கு எதற்குப் பூட்டனாரின் பிறந்த இடம்? 1948-ன் சட்டப்படி, குடியுரிமைக்கு அங்கே பிறந்தது மட்டும் போதாது. அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதை மெய்ப்பிக்கத் தாள் இருந்த தோட்டக் குடும்பங்கள் மிகக் குறைவு. ஆகவே அந்தக் கட்டம் காலியாக இருந்தால், பாட்டனார் இந்தியாவில் பிறந்தவர் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். காட்டத் தாள் இல்லாததாலும் காலியாக விட்டிருப்பார்கள்.

வயதை நம்பாதீர்கள், 30, 35, 40 என்று ஐந்தின் மடங்காக இருந்தால் குத்துமதிப்பு. ‘மண்டபம்’ என்று எங்காவது எழுதியிருந்தால் அது பூர்வீக ஊர் அல்ல. போகும்போது நோய்த் தடுப்பு முகாம், திரும்பும்போது இடைத்தங்கல் முகாம் அங்கே இருந்தது. பெயர்கள் தமிழிலிருந்து தோட்ட அலுவலகத்தின் ஆங்கிலத்துக்குப் போய், இங்கே மறுபடி தமிழுக்கு வந்தவை. கறுப்பையா ஒரு தாளிலும் கருப்பன் இன்னொன்றிலும் இருந்தால், உடன்பிறந்தவர்களின் பெயர்வரிசையை வைத்து ஒரே ஆளா என்று பாருங்கள். மாவட்டமும் மாறியிருக்கிறது. பழைய தாளில் ‘திருச்சிராப்பள்ளி’ என்றால் அது இன்றைய பெரம்பலூராகவோ கரூராகவோ இருக்கலாம்; இரண்டும் 1995-ல் தனி மாவட்டமாயின. துறையூர் பச்சமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே இருக்கிறது. ‘துறையூர்ப் பக்கம்’ என்று சிலோனில் சொன்னவர் மலைக்கு அந்தப் புறம், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருந்தவராகவும் இருக்கலாம். புதூர், பாளையம் என்று மட்டும் ஒரு பெயர் கிடைத்தால் போதாது. கூடவே சந்தை கூடும் ஊர், ஏரி, கோயில் ஏதாவது ஒன்று வேண்டும்.

இத்தனையும் செய்து ஊரைக் கண்டுபிடித்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அதைத்தான் உண்மையான ஊர் என்றும், தலவாக்கலையை நடுவில் வந்து போன இடம் என்றும் வைக்கிற பார்வையை நான் ஏற்கவில்லை. துறையூரில் உங்கள் முன்னோருக்கு நிலம் இருந்திருந்தால் கங்காணியின் முன்பணத்துக்குக் கை நீட்டியிருக்க மாட்டார்கள். தலவாக்கலையிலோ தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள், கூத்துக் கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள். 1940-ல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தது கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில். உங்கள் அப்பாயியின் பேச்சில் ‘ஒரு பேர்’ என்றால் ஒரு நாள் முழுக் கூலி. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. இந்தச் சொல் துறையூரிலிருந்து போனதல்ல.

தோட்ட மக்களுக்கு வைத்த பெயர்களும் இப்படித்தான் வந்தன. 1911 குடிமதிப்பில்தான் அவர்களை ‘இந்தியத் தமிழர்’ என்று தனியே பிரித்து எண்ணினார்கள். 1949-ன் சட்டத்தில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காகக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டும் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1964 அக்டோபர் 30-ல் இந்திய, இலங்கை அரசுகள் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரைப் பங்கு போட்டன: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று. அவர்களை யாரும் கேட்கவில்லை. விண்ணப்பம் வாங்கியபோது கூடுதலானோர் கேட்டது இலங்கைக் குடியுரிமையைத்தான். அங்கே இந்தியர் என்றவர்கள் இங்கே வந்ததும் சிலோன்காரர் ஆனார்கள். ‘மலையகத் தமிழர்’ என்பது ஒன்றுதான் அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். 2023-ல் மலையகத்துக்கு வந்த இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நடந்தார்கள். கூடலூரில் இருக்கும் உங்களுக்கும் அதில் உரிமை உண்டு.

மகள் தலைப்பில் கூடலூர் என்று எழுதட்டும். அவள் பிறந்து வளரும் ஊர் அது. அப்பாயிக்குத் தலவாக்கலை, அதற்கு முன் துறையூர்ப் பக்கம் என்று கீழே எழுதி, ஒவ்வொன்றையும் விட்டு ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு ஒரு வரி சேர்க்கட்டும். அப்பாயி சொன்ன கங்காணியின் பெயரும் கணக்கின் பெயரும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அதே தோட்டத்திலிருந்து கோத்தகிரிக்கோ வால்பாறைக்கோ வந்த குடும்பம் ஏதாவது இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும்.