வேஷக்கடை அக்கா பதில்கள்: மணமகள் அறைச் சாவி

(குன்னூரில் 31 வருடமாகப் பள்ளி ஆண்டுவிழா உடைகளைத் தைத்தும் வாடகைக்கு விட்டும் வரும் அக்கா, தையல், வேஷம், ஒப்பனை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: போன இதழில் காஸ்ப்ளே உடை பற்றி நான்கு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தீர்கள். ஜப்பான் கார்ட்டூன் வேஷம் போட்டுத் திரிகிறவர்களுக்கு இத்தனை பக்கம் தேவையா? நம்ம பண்பாட்டில் இதெல்லாம் உண்டா?
- ஒரு வாசகர், மஞ்சூர்

ப: ஐயா, தசராவுக்கு ஒருமுறை குலசேகரன்பட்டினம் போய் வாருங்கள். காளி, குரங்கு, ராஜா, போலீஸ் என்று ஊர் முழுக்க வேஷம்தான். அது நேர்த்திக்கடன், இது விளையாட்டு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு இன்னொருவராக ஒரு நாள் நடமாடுவதை நமக்கு ஜப்பான்காரர் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

பெயர் மட்டும் அவர்களுடையது. காஸ்ட்யூம், பிளே இரண்டையும் ஒட்டவைத்து 1980களில் நொபுயுகி தகஹாஷி என்பவர் வைத்த பெயர். பழக்கம் அதற்கும் மூத்தது. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே இருவர் வேஷத்தோடு போனார்கள். அந்த ஆணின் பெயரைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். இரண்டு உடையையும் தைத்தவர் கூடப் போன பெண், மர்ட்டில் டக்ளஸ். அந்தப் பெயரை எழுதிக் கடையில் ஒட்டலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆண்டுவிழா சீசன் முடிந்தால் பாரதியார் முண்டாசும் கட்டபொம்மன் கிரீடமும் தூசி பிடித்துத் தொங்கும். இப்போது மழைக்காலத்திலும் பிள்ளைகள் படி ஏறி வருகிறார்கள். எனக்கு இது பிழைப்பும்கூட.

கே: அக்கா, என் மகள் காலேஜ் இரண்டாம் வருஷம், அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம். ஊட்டியில் காஸ்ப்ளே கன்வென்ஷன் என்று போஸ்டர் பார்த்துவிட்டு மூன்று மாதம் உட்கார்ந்து பச்சை, கறுப்புக் கட்டம் போட்ட மேலங்கி ஒன்று தைத்தாள். கட்டம் ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டி இணைத்தது. இடது அக்குளில் கட்டம் சேரவில்லை என்று மூன்று தடவை பிரித்தாள், கடைசியில் அப்படியே விட்டாள். டிக்கெட் 799 ரூபாய். அதற்கு எத்தனை கிலோ பச்சைத் தேயிலை பறிக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். வேலை இருந்ததால் நான் கூடப் போகவில்லை. ராத்திரி வந்தவள் அங்கியைத் தகரப் பெட்டியில் போட்டு மூடினாள். அன்றிலிருந்து மெஷின் பக்கமே போவதில்லை. என்னம்மா நடந்தது என்றால், "ஒண்ணுமே நடக்கலம்மா, அதான் பிரச்சினை" என்கிறாள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோத்தகிரி பக்கம்

ப: தங்கச்சி, அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

என் தங்கை பையனுக்குப் பதினைந்து வயது. வெள்ளை விக், அட்டையில் செய்த நீளக் கத்தி. கத்தியைப் போர்வையில் சுற்றிக் குன்னூரில் பஸ் ஏறினோம். கண்டக்டர் தொட்டுப் பார்த்து, "என்னக்கா, மம்பட்டியா?" என்றார். கத்தி என்றேன். "சரி, முனைய அந்தப் பக்கம் திருப்பி வைங்க" என்று டிக்கெட்டைக் கிழித்தார். அந்த நாளில் ஒழுங்காக நடந்த ஒரே பரிசோதனை அதுதான்.

பத்து மணி என்று போட்டிருந்தார்கள். கதவு திறக்கும்போது பதினொன்றே முக்கால். தூறலில் வரிசை. நாள் முழுக்க நனைந்தால் நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் முகத்துச் சாயத்துக்கு ஆகும். டிக்கெட்டை ஸ்கேன் செய்ய ஒரே ஒரு போன், அதிலும் சார்ஜ் இல்லை. நடத்தியவர்கள் மலைக்குக் கீழே இருந்து வந்த பையன்கள். வெளியூர் வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும் என்று போஸ்டரில் ஒரு வரி கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து காரில் கிளம்பிய ஒரு கூட்டம் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை என்பதும் நடத்தியவர்களுக்குத் தெரியவில்லை. கொண்டுவந்ததை வழியிலேயே பறிகொடுத்துவிட்டு, உள்ளே ஒரு குடம் தண்ணீர்கூட வைக்காமல் நின்றார்கள்.

டப்பிங் கலைஞர் வருவார் என்றார்கள், வரவில்லை. எட்டு ஸ்டால் என்றார்கள், மூன்று இருந்தது. மேடை ஃப்ளெக்ஸில் வாட்டர்மார்க் அப்படியே குறுக்கே ஓடியது. இதையெல்லாம் விடுங்கள், எந்தப் பொருட்காட்சியிலும் பார்க்கிறதுதான்.

எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. உடை மாற்ற இடம் எங்கே என்று கேட்டேன். "லேடீஸ் டாய்லெட்ல மாத்திக்கச் சொல்லுங்க ஆன்ட்டி" என்றான் ஒருவன். தரை முழுக்கத் தண்ணீர். ஒரு பெண் பிள்ளை பாவாடை ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறாள். அது கல்யாண மண்டபம், தங்கச்சி! மணமகள் அறை இல்லாத மண்டபம் உண்டா? கேட்டேன். "அதுக்குத் தனி வாடகை ஆன்ட்டி, நாங்க எடுக்கல" என்றான். உடுத்திக்கொண்டு நிற்பதற்காகவே 799 ரூபாய் வாங்கிப் பிள்ளைகளைக் கூட்டிவிட்டு, உடுத்துகிற அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

வாட்ச்மேனிடம் போனேன். அவருடைய பேத்திக்கு ஒருமுறை என் கடையில் ஆண்டாள் கொண்டை வாங்கியிருக்கிறார். நானூறு ரூபாய்க்குச் சாவி வந்தது. சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, சுற்றிலும் பல்பு, துணி மாட்ட வரிசையாகக் கொக்கி. கண்ணாடி ஓரத்தில் பழைய கல்யாணப் பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு பதினைந்து இருபது இருக்கும். பிள்ளைகள் உள்ளே வந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தங்கள் வேஷத்தை முழுசாக அவர்களே அப்போதுதான் பார்க்கிறார்கள். என் கைப்பையில் எப்போதும் ஊசி நூலும் ஊக்கும் இருக்கும். ஒரு அட்டை ஊக்கு காலி.

அந்தக் கூட்டத்தில் பச்சை, கறுப்புக் கட்டத்தில் ஒரு பெண். பின்னால் திருப்பி நிறுத்தினேன். நடுமுதுகுத் தையலில் கட்டத்துக்குக் கட்டம் நூல் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. தோளிலும் அப்படியே. கட்டம் போட்ட சட்டைத் துணியைக் கொடுத்து ஒரு டெய்லரைச் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள், என்ன முனகுவார் என்று தெரியும். "யாரும்மா தைச்சது?" என்றேன். "நான்தான்." "மெஷின்?" "அம்மாவோடது, பழசு."

இடது அக்குளில் அரைக் கட்டம் நழுவியிருந்ததையும் பார்த்தேன். சொல்லவில்லை.

போட்டி மூன்று மணிக்கு என்றார்கள், நாலரைக்கு ஆரம்பித்தார்கள். அதற்குள் டிக்கெட் இல்லாத டூரிஸ்ட் கூட்டமும் உள்ளே. கேட்காமல் தோளில் கை போட்டுப் படம் எடுக்கிறார்கள். என் பையனின் விக்கை ஒருவன் இழுத்தே பார்த்தான், அவனுக்கு நான் என்ன சொன்னேன் என்பது பத்திரிகையில் வராது. நியூயார்க் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழாவில் 2014இலேயே போர்டு வைத்தார்கள், வேஷம் போட்டிருப்பது அனுமதி கொடுத்ததாகாது, படம் எடுக்குமுன் கேள் என்று. இங்கே அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

ஐந்தரைக்கு வாழைமரத்தோடு டெக்கரேஷன்காரர்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் முகூர்த்தம். மேடையைக் காலி செய்யச் சொன்னதும் எல்லோரையும் கீழே வரிசையாக நிற்க வைத்துக் கைதட்டலை வைத்துப் பரிசு கொடுத்து முடித்தார்கள். கடையில் வாங்கிய உடையோடு பத்து நண்பர்களையும் கூட்டி வந்தவனுக்கு முதல் பரிசு. மேடைக்குப் போனது 14ஆம் நம்பர் வரை. உங்கள் மகள் நெஞ்சில் குத்தியிருந்தது 19. ஒண்ணுமே நடக்கவில்லை என்று அவள் சொல்வது அதைத்தான். தோற்றிருந்தால்கூட அழுது முடித்திருப்பாள்.

"அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கியை முதலில் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து ஹேங்கரில் போடுங்கள். நம் ஊர் ஈரத்துக்குக் கறுப்புத் துணியில் பூசணம் பூக்க அதிக நாள் ஆகாது. அப்புறம் அவளிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். அந்தக் கட்டத்துக்கு ஜப்பானில் இச்சிமட்சு என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் சனோகவா இச்சிமட்சு என்ற கபுகி நாடக நடிகர் மேடையில் அதை உடுத்தியதால் வந்த பெயர். வேஷத்திலிருந்து வந்த துணி அது. இரண்டாவது, ஹாவோரி என்கிற அசல் ஜப்பான் மேலங்கியில் அக்குளுக்குக் கீழே முன்துண்டும் பின்துண்டும் நேராகச் சேராது. நடுவில் ஒடுக்கமாக ஒரு பட்டை வரும். கறுப்பில் அந்தப் பட்டையை வைத்தால் கட்டம் சேரவேண்டிய பேச்சே இல்லை. மூன்று தடவை அவள் பிரித்தது அவள் கைக்குறையால் அல்ல, இல்லாத தையலைத் தைக்கப் பார்த்ததால்.

டிசம்பரில் எனக்கு ஆண்டுவிழா ஆர்டர் குவியும். கட்டம் சேர்க்கத் தெரிந்த கை எனக்கு வேண்டும், கூலிக்குத்தான். மெஷின் பழசானால் பரவாயில்லை, என்னுடையதும் பழசு.

கே: அதே நிகழ்ச்சிக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். பணம் திரும்பக் கேட்டால் "நோ ரீஃபண்ட் என்று டிக்கெட்டில் இருக்கிறது" என்கிறார்கள். அவ்வளவுதானா?
- ஒரு வாசகர், ஊட்டி

ப: டிக்கெட்டில் அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடாது தம்பி. சொன்ன சேவையைத் தராமல் போனது சேவைக் குறைபாடு. போஸ்டர், டிக்கெட், பணம் கட்டிய ரசீது, அங்கே எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து முதலில் எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையென்றால் 1915க்கு போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து போங்கள். என் நானூறு ரூபாயையும் சேர்த்துக் கேட்கலாம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கே: எங்கள் காலேஜ் நண்பர்கள் 60 பேர் சேர்ந்து சின்னதாக ஒரு காஸ்ப்ளே சந்திப்பு நடத்த நினைக்கிறோம். என்ன வேண்டும்?
- ஒரு மாணவி, கோத்தகிரி

ப: மணமகள் அறைச் சாவி. அப்புறம்தான் மைக்.

டோக்கியோவில் காமிக்கெட் என்று, ரசிகர்கள் தாங்களே போட்ட காமிக்ஸ் புத்தகங்களை விற்கிற சந்தை வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. 1975இல் 32 குழுக்களோடு ஆரம்பித்தது. அங்கே வீட்டிலிருந்தே வேஷத்தோடு வரக்கூடாது, அவர்கள் ஒதுக்கிய அறையில் வந்துதான் மாற்ற வேண்டும் என்பது விதி. அதாவது அறையைத் தயார் செய்துவிட்டுத்தான் கூட்டத்தைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் கார்ட்டூன் படங்களைப் பற்றித் தெரிந்தவர்களை மட்டும் கமிட்டியில் போடாதீர்கள். சமையல்காரரோ பந்தி விசாரித்த மாமாவோ ஒருவர் இருக்கட்டும். எத்தனை பேருக்கு எத்தனை குடம் தண்ணீர் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். கோத்தகிரிக்காரர்கள் கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் பரிசைக் கொடுத்துவிடுங்கள்.

கே: ஃபோம் வாங்கிக் கவசம் செய்தேன். வீட்டில் நன்றாக ஒட்டியிருந்தது, ஊட்டி போய்ச் சேர்வதற்குள் தோள்பட்டை பிரிந்துவிட்டது. பசை சரியில்லையா?
- ஒரு வாசகர், கூடலூர்

ப: பசை சரி, பொறுமை சரியில்லை. செருப்புக்கடைப் பசை மாதிரி ஒட்டுவதை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை விட வேண்டும். கீழே பத்து நிமிஷம் என்றால் நம் பனியில் இருபதுகூட ஆகும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்துவிட்டால் மேலே பிடித்தது போலத் தெரியும், உள்ளே காய்ந்திருக்காது. பதம் வந்தபின் ஒரே அழுத்து. நகர்த்திப் பார்க்கிற வேலை கூடாது. ஒட்டுமுன் ஃபோமை ஹீட் கன்னால் மேலாகச் சூடாக்குங்கள். மேல்தோல் லேசாகப் பளபளத்ததும் வளைத்துப் பிடித்தால் அந்த வளைவிலேயே நிற்கும், பசைக்கு இழுவிசை குறையும்.

முக்கியமானது இது: குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அந்தப் பசையோடு உட்காராதீர்கள். தலை சுற்றும், அந்த ஆவி சட்டென்று தீயும் பிடிக்கும். பசை ஈரமாக இருக்கும்போது ஹீட் கன் பக்கத்திலேயே வரக்கூடாது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வராந்தாவில் செய்யுங்கள்.

கே: ஜப்பான் கார்ட்டூனில் வருகிற நருட்டோ டிரஸ் வாடகைக்குக் கிடைக்குமா அக்கா? பையன் எட்டாம் வகுப்பு.
- ஒரு வாசகர், அரவேணு

ப: இருக்கிறது, இரண்டு அளவில். ஆனால் போன பிப்ரவரியில் உங்கள் ஊர்ப் பெயர் எழுதி எடுத்துப்போன கட்டபொம்மன் மீசை இன்னும் திரும்பி வரவில்லை. வரும்போது அதையும் கொண்டு வாருங்கள்.