பனிச்சரிவில் மோதினால் யார் குற்றம்?

கேள்வி: 'ஸ்னோ ரைடர் 3டி' என்று பிரவுசரிலேயே ஓடும் ஒரு விளையாட்டு. பனிமலைச் சரிவில் சறுக்குவண்டி தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். மரம், பாறை, பனிப்பொம்மை எதிலும் இடிக்காமல் ஓட்ட வேண்டும். கல்லூரியில் படிக்கும் என் மகள் சர்வசாதாரணமாக ஆயிரம் பாயின்ட்டைத் தாண்டுகிறாள். நான் முந்நூறைத் தாண்டியதில்லை. மரம் எங்கே முளைக்கும் என்பதைக் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கிறது. ஆகவே இது வெறும் அதிர்ஷ்டம்தானே? போதாததற்கு எனக்கு வயது 48, விரல் வேகம் போய்விட்டது. இனியும் முயல்வதில் அர்த்தம் உண்டா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: உண்டு. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு சாக்குகளையும் தள்ளிவிடுவோம்.

வெறும் அதிர்ஷ்டம் என்றால் அது உங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் நாள் தவறாமல் அடிக்காது. நீங்கள் எழுதியிருப்பதே உங்களுக்கு எதிரான சாட்சி. தடைகள் வரும் வரிசை மாறிக்கொண்டே இருக்கிறது, உண்மைதான். அதற்காக இந்த வகை விளையாட்டுகள் கண்டபடி தடைகளைக் கொட்டுவதில்லை. இணையம் இல்லாதபோது குரோமில் ஓடுமே, அந்த டைனோசர் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2014ல் வந்தது. அதன் நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. எந்தக் கள்ளிச்செடி எப்போது வரும் என்பது குலுக்கல்தான். ஆனால் இரண்டு தடைகளுக்கு நடுவே குறைந்தது இவ்வளவு இடம் விட்டாக வேண்டும் என்று ஒரு விதி அதில் எழுதப்பட்டிருக்கிறது. வேகம் கூடக்கூட அந்த இடைவெளியும் கூடும்.

வேகத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 6ல் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் 13ஐத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும். 13 என்றால் ஃபிரேமுக்கு (திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) 13 பிக்சல், அதாவது 13 திரைப்புள்ளி; நொடிக்கு 60 ஃபிரேம். ஆட்டம் நடக்கும் கட்டத்தின் அகலம் 600 பிக்சல். கணக்குப் போட்டால், தொடக்கத்தில் ஒரு கள்ளிச்செடி கண்ணில் பட்டு டைனோசரை நெருங்க ஒன்றரை நொடி ஆகிறது. உச்ச வேகத்தில் முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பிறகு எத்தனை நேரம் ஓடினாலும் அந்த அவகாசம் குறைவதில்லை. ஐந்தாவது நிமிடத்தில் இடித்துக்கொள்பவர், மூன்றாவது நிமிடத்தில் தாண்டிய அதே கஷ்டத்தில்தான் இடிக்கிறார். இதில் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்து வயது. கண் பார்த்ததற்கு விரல் பதில் சொல்ல இளைஞர்களுக்கே சுமார் கால் நொடி ஆகிறது. வயது ஏறினால் அது கொஞ்சம் நீளும், மறுக்கவில்லை. ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கம்ப்யூட்டர் போர் விளையாட்டை ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளைக் கனடாவில் அலசி 2014ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பார்த்ததற்கும் செய்வதற்கும் நடுவிலான தாமதம் எந்த வயதில் கூடத் தொடங்குகிறது தெரியுமா? 24ல். உங்கள் மகளுக்கும் இன்னும் சில வருடம்தான். அதே ஆய்வில், வயதில் மூத்தவர்கள் ஆட்டத்தைச் சிக்கலில்லாமல் வைத்துக்கொண்டு இந்தத் தாமதத்தை ஈடுகட்டுவதற்கான தடயங்களும் கிடைத்தன. உங்கள் கவனம் அந்த இரண்டாவது பாதியில் இருக்கட்டும்.

விரலை விடுங்கள், உங்கள் கோளாறு கண்ணில் இருக்கிறது. வண்டி நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்தை 10 மீட்டர் தூரத்தில் கவனிப்பவர், விரலை அசைக்கும்போதே மரத்தில் இருப்பார். அந்தக் கால் நொடியிலேயே 10 மீட்டரும் தீர்ந்துவிட்டது. அதே மரத்தை 40 மீட்டருக்கு முன்பே கவனிப்பவருக்குக் கால் நொடி போக இன்னும் முக்கால் நொடி மிச்சம். வயதால் கூடும் தாமதம் இந்த முக்கால் நொடிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நீங்கள் முந்நூறுக்குள் நிற்பதன் காரணம் இதுதான்: வேகம் கூடிய பிறகும், மெதுவாகப் போனபோது பார்த்த அதே தூரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடைசி ஐந்தாறு மோதல்களை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு மரத்தை மயிரிழையில் தப்பிக்கிறீர்கள். கண் அந்த மரத்திலேயே, அது திரையின் ஓரத்தில் மறையும்வரை ஒட்டிக்கொள்கிறது. அதற்குள் அடுத்த பாறை வந்துவிடுகிறது. தப்பித்த மரம் முடிந்த கதை. விரல் அதற்கான வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே கண் அடுத்த தடைக்குப் போயிருக்க வேண்டும். இன்னொன்று, தடையை உற்றுப் பார்த்தால் கை அங்கேயே இழுத்துக்கொண்டு போகும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மரங்களை எண்ணாதீர்கள், நடுவில் உள்ள இடைவெளியைத் தேடுங்கள்.

மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், வளைந்து போகும் சாலையில் ஓட்டுநரின் கண் எங்கே நிற்கிறது என்று அளந்து 1994ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வளைவு வருவதற்கு ஒன்றிரண்டு நொடி முன்பே பார்வை அதன் உள்ளோரத்துக்குப் போய்விடுகிறது. உங்கள் ஊரிலிருந்து வால்பாறை ஏறும் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் டிரைவரின் கண்ணை மட்டும் கவனியுங்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால் கண் திரும்பும்.

பாதையை மனப்பாடம் செய்துவிடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்தபடி பனித்தடத்தில் இறங்கும் நிஜ லூஜ் பந்தயத்தில் அது நடக்கும். 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சறுக்கிய மணாலிக்காரர் சிவ கேசவனைப் போன்றவர்கள், ஒவ்வொரு தடத்தின் வளைவுகளையும் வரிசையாக மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் படுப்பார்கள். அங்கே தடம் மாறாது. இங்கே மாறும்.

சரி, விரலுக்கும் கொஞ்சம் வேலை உண்டு. அம்புக்குறியை அழுத்திப் பிடிக்காதீர்கள், தட்டித் தட்டி விடுங்கள். பயத்தில் அழுத்திப் பிடித்தால் வண்டி தேவைக்கு மேல் விலகும். அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கம் அழுத்துவீர்கள். அந்தத் தள்ளாட்டத்தில்தான் பாதி மோதல் நடக்கிறது. ஒவ்வொரு விலகலுக்குப் பிறகும் நடுவுக்குத் திரும்புங்கள். ஓரத்தில் நிற்பவருக்குத் தப்பிக்க ஒரே பக்கம்தான் உண்டு. உருண்டு வரும் பெரிய பனிப்பந்தைக் கண்டால் அது போகும் திசைக்கு முன்னால் ஓடாதீர்கள், பின்பக்கமாக நுழையுங்கள். விலகிப்போக வழி இருக்கும்போது தாவாதீர்கள்.

அப்புறம் அந்தப் பரிசுப் பெட்டிகள். அவற்றைச் சேர்த்தால் புது வண்டி வாங்கலாம், ஆனால் ஸ்கோர் உயருவது கடந்த தூரத்தால்தான். போகிற வழியில் இருந்தால் எடுங்கள். பெட்டிக்காக வழி மாறினால் அந்த ஆட்டம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் ஆடுவது? தோற்ற கோபத்தில் நள்ளிரவு வரை உட்காராதீர்கள். 'ஆக்ஸான்' என்று இதேபோல் பிரவுசரில் ஓடிய ஒரு விளையாட்டின் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் பதிவுகளை டாம் ஸ்டாஃபோர்டும் மைக்கேல் டேவாரும் ஆராய்ந்தார்கள். ஒரே மூச்சில் ஆடியவர்களைவிட, நடுவில் இடைவெளி விட்டு ஆடியவர்கள் பிறகு அதிக ஸ்கோர் எடுத்தார்கள். முதல் சில ஆட்டங்களில் யாருடைய ஸ்கோர் ஏறி இறங்கி அலைபாய்ந்ததோ, அவர்களும் பின்னால் நன்றாகவே ஆடினார்கள். ஆகவே சில ஆட்டங்களைச் சோதனைக்கே கொடுத்துவிடுங்கள். விசையை விட்ட பிறகு வண்டி எவ்வளவு தூரம் விலகுகிறது, எவ்வளவு குறுகலான சந்தில் அது நுழையும் என்று வேண்டுமென்றே இடித்துப் பாருங்கள். அப்புறம் மூடிவைத்துவிட்டு மறுநாள் உட்காருங்கள்.

இந்த விளையாட்டைப் பலரும் நகலெடுத்துத் தங்கள் தளங்களில் போட்டிருக்கிறார்கள். எந்தத் தளமாவது எதையாவது டவுன்லோட் செய்யச் சொன்னாலோ, நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்டாலோ, 'எல்லா வண்டியும் இலவசம்' என்று ஆசை காட்டினாலோ உடனே மூடிவிடுங்கள். பிரவுசரில் ஓடும் ஆட்டத்துக்கு அது எதுவுமே தேவையில்லை. மகளிடமும் சொல்லிவையுங்கள்.