யுனெஸ்கோ பேரைச் சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். தோட்டம் கைமாறி, இப்போது பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். கோயில் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. மாசி மாதம் அங்கே, சிவன் மன்மதனை எரித்த கதையைச் சொல்லும் காமன் கூத்து நடக்கும். என் அப்பாதான் வாத்தியார், வயது 76. பாட்டெல்லாம் அவர் கைப்பட எழுதிய மூன்று நோட்டுப் புத்தகங்களில் இருக்கிறது. போன மாதம் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். மூன்றே மாதத்தில் எங்கள் கூத்தை யுனெஸ்கோவில் பதிந்து சான்றிதழ் வாங்கித் தருவாராம். பதிந்துவிட்டால் கோயில் நிலத்தை யாரும் தொட முடியாதாம். ஆளுக்கு 300 வெள்ளி (ரிங்கிட்), பதினைந்து பேருக்கு 4,500 வெள்ளி கேட்கிறார். நோட்டுகளையும் எடுத்துப் போக வேண்டும் என்கிறார். ஆங்கிலத்தில் உள்ள ஒரு தாளில் அப்பா கையெழுத்துப் போட வேண்டுமாம். செய்யலாமா?

பதில்: தம்பி, வேண்டாம். காசும் கொடுக்க வேண்டாம், நோட்டும் கொடுக்க வேண்டாம், அப்பாவை எதிலும் கையெழுத்துப் போட விடவும் வேண்டாம். இந்தப் பதிலை நீங்கள் படிப்பதற்குள் அவர் மறுபடி வந்துவிடக்கூடாதே என்றுதான் எனக்குப் பதைப்பாக இருக்கிறது.

யுனெஸ்கோ விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பாட்டு, கூத்து, சடங்கு, கைத்தொழில் என்று மனிதர்களிடம் மட்டும் வாழ்கிற மரபுகளைக் காப்பதற்காக 2003-ல் பாரிஸில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். மலேசியா 2013-ல் அதில் சேர்ந்தது. அந்த ஒப்பந்தப்படி யுனெஸ்கோ வைத்திருக்கும் மரபுப் பட்டியலுக்கு விண்ணப்பம் போடும் உரிமை, ஒப்பந்தத்தில் சேர்ந்த அரசாங்கத்துக்கு மட்டுமே உண்டு. கோலாலம்பூர்க்காரராலும் முடியாது, என்னாலும் முடியாது, உங்கள் கோயில் தலைவராலும் முடியாது. விண்ணப்பப் பாரம் யுனெஸ்கோ இணையத்தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது, கட்டணம் என்று ஒன்று கிடையாது. உள்நாட்டுப் பட்டியலில் முதலில் இடம்பெறாத எதையும் அரசாங்கம் அங்கே அனுப்ப முடியாது. அனுப்பினாலும் ஒரு மார்ச் 31-க்குள் போன கோப்புக்கு அடுத்த ஆண்டின் கடைசியில்தான் முடிவு தெரியும். மூன்று மாதத்தில் சான்றிதழ் என்பது சுத்தப் பொய். பதிவாவது கலை, ஆடுகிற ஆள் அல்ல. ஆளுக்கு 300 வெள்ளி என்று தலையை எண்ணுகிறாரே, அதிலேயே அவர் யாரென்று தெரிந்துவிடுகிறது.

அடுத்தது நிலம். இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பயம் உண்மையானது. தோட்டம் போய்விட்டது, லயத்து வீடு போய்விட்டது, கோயிலாவது நிற்கட்டும் என்று யார் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றுகிறது. ஆனால் கூத்தைப் பதிவு செய்வதால் கூத்து நடக்கும் நிலத்துக்கு ஒரு பாதுகாப்பும் வராது. நிலம் மாநில அரசின் அதிகாரம், அதற்கு நில இலாகா, கிராண்ட் என்கிற நிலப் பத்திரம், வழக்கறிஞர் என்று வேறு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் இன்றைக்கே நடக்கத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டுகிறவனை நம்பாதீர்கள்.

மாக் யோங் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரர்களின் பழைய கூத்து அது. அங்கே மாநில அரசு 1990-களில் அதற்குத் தடை போட்டது. 2005-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் அரிய மரபு என்று அறிவித்தது. தடை போய்விட்டதா? இல்லை. 2019 வரை நீடித்து, அதன் பிறகுதான் நிபந்தனைகளோடு தளர்ந்தது. பதினான்கு வருடம் உலகமே பாராட்டிய ஒரு கூத்தைச் சொந்த ஊரில் நிம்மதியாக ஆட முடியவில்லை. பாரிஸ் பட்டத்துக்கு உள்ளூரில் அவ்வளவுதான் பலம். அதைக் காட்டி உங்கள் கோயில் முன்னால் வரும் புல்டோசரை நிறுத்த முடியாது.

இனி கையெழுத்து. 4,500 வெள்ளி போனால் மறுபடி சம்பாதித்துவிடலாம். கையெழுத்துப் போனால் திரும்ப வாங்குவது பெரும்பாடு, அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தலைமுறை தலைமுறையாக வந்த காமன் பாட்டுக்குத் தனி ஒருவர் உரிமையாளர் இல்லை, சரி. ஆனால் உங்கள் அப்பா பாடும்போது அந்தப் பாடலின் நிகழ்த்துநர் அவர். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நாட்டார் கலையை மேடையேற்றுபவரையும் நிகழ்த்துநர் என்றே ஏற்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் ஒருவர் பதிவு செய்து விற்பது குற்றம். அதனால்தான் அந்த ஆளுக்குச் சம்மதத் தாள் தேவைப்படுகிறது. அப்பா போட்ட இடைப்பாடல்கள், அவரே கட்டிய வசனங்கள் நோட்டில் இருந்தால் அவற்றுக்கு அவரே ஆசிரியர். அந்த உரிமை எழுத்து மூலமாகத்தான் கைமாறும். ஆங்கிலத் தாளில் ஒரு வரி போதும், எல்லாம் போய்விடும்.

இப்படி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து மாநிலத்தில் ஓர் அம்மாவிடம் நடவுப் பாட்டும் தாலாட்டுமாக நாற்பது பாடல்களைப் பதிவு செய்து போனார்கள். இரண்டு வருடம் கழித்து அவருடைய பேத்தி பள்ளிக் கலைநிகழ்ச்சியில் பாடியதைக் காணொளியாக ஏற்றினாள். உரிமை மீறல் என்று அது நீக்கப்பட்டது. பாட்டி வாயால் பேத்திக்கு வந்த பாட்டு, பேத்திக்கே சொந்தமில்லை! அந்த அம்மா என்னிடம் காட்டிய ஒப்பந்த நகலில் அவருடைய கைநாட்டு அழகாக விழுந்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு இந்தத் தாள்களைக் கண்டாலே கோபம் வந்துவிடுகிறது.

ஆகவே நோட்டு வீட்டை விட்டுப் போகக்கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்குக் கேட்கும் மாணவர்களுக்குப் படத்தைக் காட்டலாம், நோட்டைக் கொடுக்க வேண்டாம்.

சரி, முறையாக என்ன செய்வது? 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம், சட்ட எண் 645. அதன் 68-ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் ஒரு கலையைத் தேசிய மரபுக்கு முன்மொழியலாம். தரகர் தேவையில்லை, டத்தோ பட்டம் வாங்கியவரின் சிபாரிசும் தேவையில்லை. ஜபாத்தான் வாரிசான் நெகாரா, அதாவது தேசிய மரபுடைமை இலாகாவுக்கு நீங்களே எழுதலாம். மனுவை மலாயில் எழுதுவது நல்லது. உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரோ, கல்லூரி போகும் பிள்ளை ஒன்றோ உட்கார்ந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். கூத்து எப்போது தொடங்குகிறது, காமன் நடுவதிலிருந்து எரிப்பது வரை என்ன நடக்கிறது, யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார், இன்றைக்கு யார் ஆடுகிறார்கள், எது குறைந்துபோயிற்று என்பதை நடந்தது நடந்தபடி எழுதுங்கள். ‘ஐயாயிரம் வருடப் பாரம்பரியம்’ என்றெல்லாம் தூக்கி எழுத வேண்டாம். உங்கள் தாத்தா கப்பல் இறங்கி வந்து தப்புப் பறை அடித்த கதையே போதும், அதுதான் கனமானது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பதில் வர நாளாகும். அந்த இலாகாவையே ஓர் அமைச்சிலிருந்து இன்னோர் அமைச்சுக்கு மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு கும்மிக் குழுவுக்காக நான் கொடுத்த மனுவை ஓர் அலுவலகம் இன்னொன்றுக்கு அனுப்ப, அது திரும்பவும் முதல் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. அதற்குள் அந்தக் குழுவில் தாளம் போட்ட பெரியவர் காலமாகிவிட்டார். அரசாங்கக் கோப்பு நகரும் வேகத்துக்கும் 76 வயதுக்காரரின் மூச்சுக்கும் பொருத்தமே இல்லை. இது யாருக்கும் புரிவதில்லை, புரிந்தாலும் யாரும் அவசரப்படுவதில்லை. மனுவைப் போடுங்கள், நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள், அப்புறம் அதற்காகக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்குங்கள்.

வேலை என்றால் பதிவு செய்வது. கைப்பேசி போதும், அப்பா பாடும்போது விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், இடம், பாடுபவர், அவர் யாரிடம் கற்றார் என்பதை வாயால் சொல்லிப் பதியுங்கள். காமன் எரிந்தானா இல்லையா என்று வாதாடும் லாவணிப் பாட்டில் எரிந்த கட்சி, எரியாத கட்சி இரண்டையும் அப்பாவே பாடுவாரானால் தனித்தனியாக எடுங்கள். தப்பு அடியை ஒரு முறை பாட்டோடும், ஒரு முறை தனியாக மெதுவாகவும் எடுங்கள். பிள்ளைகள் கற்றுக்கொள்ள அந்த மெதுவான பதிவுதான் உதவும்.

எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு விலக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில பாட்டுகளுக்கு நேரமும் இடமும் இருக்கிறது. சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சில வாத்தியார்கள் காமன் எரிகிற இரவைத் தவிர வேறு நாளில் காமன் மனைவி ரதியின் புலம்பலைப் பாடமாட்டார்கள். என் இளவயதில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பகல் வேளையில் ஒரு பாட்டியை வற்புறுத்தி, அவர் வீட்டு அஞ்சடித் திண்ணையிலேயே உட்காரவைத்து ஒப்பாரியைப் பதிவு செய்தேன். பாடி முடித்ததும் அவர் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, அதற்கப்புறம் என்னோடு பேசவே இல்லை. அவர் மருமகள் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “ஐயா, இனிமேல் இதுக்காக வராதீங்க.” அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் நான் போட்டுக் காட்டியதில்லை.

அந்தப் பாரிஸ் ஒப்பந்தமும் இதைத்தான் சொல்கிறது. ஒரு மரபின் சில பகுதிகளை யார் எப்போது அணுகலாம் என்று அந்தச் சமூகம் வைத்திருக்கும் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்பது அதன் 13-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆகவே காப்பது என்றால் எல்லாவற்றையும் இழுத்து வெளியே போடுவது என்று பொருளல்ல. அப்பாவிடம் கேளுங்கள். எதை எப்போது பாடலாம், எதை யார் கேட்கலாம், எதைப் பதிவு செய்து வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும், எதைப் பதிவே செய்யக்கூடாது என்று அவர் பிரித்துச் சொல்லட்டும். அதையும் எழுதி வையுங்கள். ‘பாரம்பரியத்தைக் காக்கிறோம்’ என்று ஒளிப்பதிவுக் கருவியோடு வருபவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. அவர்களுக்கு அழுகிற முகம்தான் வேண்டும்.

வெளிநாட்டு உதவி கிடைக்குமா என்றும் நினைப்பீர்கள். யுனெஸ்கோ நிதியையும் அரசாங்கம் வழியாகத்தான் கேட்க முடியும். ஆனால் கலைக்கு நாடு கடந்த சொந்தம் உண்டு. மலாக்காவின் வங்காங் கப்பல் சடங்கை 2020-ல் சீனாவும் மலேசியாவும் சேர்ந்து பதிந்தன. கப்பலேறி வந்த ஹொக்கியன் மக்களின் சடங்குக்கு இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டன. அதே ஆண்டு பந்துன் என்கிற மலாய்க் கவிதை வடிவத்தை மலேசியா இந்தோனேசியாவோடு சேர்ந்து பதிந்தது. காமன் கூத்து தமிழ்நாட்டிலும் இருக்கிறது, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் மாசி மாதம் ஆடுகிறார்கள். மூன்று நாடுகளுமே அந்த ஒப்பந்தத்தில் உள்ளவை. பால்மரத்துக்கு வந்தவர்களும் தேயிலைக்குப் போனவர்களும் ஒரே பாட்டைக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதைக் கூட்டாகப் பதியும்படி நம் அரசாங்கத்தைக் கேட்க இதுவரை யாரும் சரியாகக் குரல் கொடுக்கவில்லையே என்ற வருத்தம் எனக்குப் பல வருடமாக உண்டு. அரசாங்கம் எழுந்திருக்கும் வரை, மலையகத்தில் ஒரு கூத்துக் குழுவைத் தேடிப் பிடித்து, அப்பாவோடு ஒரு மாலை காணொளி அழைப்பில் பேசவையுங்கள். அதற்கு அனுமதி எதுவும் தேவையில்லை.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், உங்கள் ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். பதினைந்து பேர் 4,500 வெள்ளி சேர்க்க முடியும் என்றால் அந்தப் பணம் ஊரிலேயே இருக்கட்டும். கிழிந்த தப்புகளுக்குத் தோல் மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் கோயில் கொட்டகையில் பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களுக்குத் தேத்தண்ணியும் பலகாரமும் கொடுங்கள். அப்பாவுக்கு வாத்தியார் சம்பளம் என்று மாதம் ஒரு தொகை கொடுங்கள், வேண்டாம் என்பார், கட்டாயமாகக் கொடுங்கள். பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள். ரதி வேடத்துக்கு ஆள் இல்லை என்று பல ஊரில் கூத்தே நின்றுபோயிருக்கிறது.

அந்த ஆள் மறுபடி வந்தால் ஆங்கிலத் தாளின் நகலை மட்டும் வாங்கி எனக்கு அனுப்புங்கள். நகல் தர மறுத்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாசி அமாவாசைக்கு முன்னால் நோட்டுகளைப் படம் எடுத்து முடித்துவிடுங்கள். கூத்துத் தொடங்கிவிட்டால் அப்பாவுக்கு உட்கார நேரம் இருக்காது.