கடைசியில் சாப்பாடு

கேள்வி: அமெரிக்காவில் என் மகன் படிக்கும் கல்லூரி நகரத்தில் ஊர்க்காரர்களுக்காக மாதம் ஒரு பேச்சு நடக்கிறது. கடைசியில் பக்கத்துப் பண்ணைக் காய்கறிகளில் சமைத்த சாப்பாடு. கூட்டம் வருவது பேச்சுக்கா, சாப்பாட்டுக்கா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: சாப்பாட்டுக்குத்தான், இதுல என்ன சந்தேகம்? ஆனா போறபோக்குல 'கடைசியில்'னு ஒண்ணு போட்டீங்களே, வில்லன் அங்கதான் உக்காந்திருக்கான். சாப்பாட்ட ஏன் கடைசியில வைக்கிறாங்க? முதல்ல வச்சா பேச்சாளர் காலி நாற்காலிங்ககிட்டதான் பேசணும், ஏற்பாடு பண்றவங்களுக்கு அது நல்லாத் தெரியும். ஆக சூப்பு அங்க பிணைக்கைதி. மூடிய லேசா நகத்தி வாசனைய மட்டும் வெளிய விட்டுட்டு ஒரு மணி நேரம் உக்கார வச்சுடறாங்க. பேச்சு முடிஞ்சு, கைதட்டி, எல்லாரும் பாதி எழுந்தாச்சு, அப்பப் பாத்து முன்வரிசையில ஒருத்தர் மைக்க வாங்கி "கேள்வி இல்லைங்க, சின்னதா ஒரு கருத்து"ம்பார். இந்த ஆசாமிய நான் இந்தப் பக்கத்துல திட்டாத வருஷம் இல்ல, அதுக்கு மறுப்புக் கடிதம் போடறதும் அவரேதான், கடிதமும் அதே நீளம். அவர் தன் பால்யத்துல ஆரம்பிச்சு பூமி சூடாகறதுக்கு வந்து சேர்றதுக்குள்ள சூப்புல ஆடை கட்டிடும். பேச்சாளர அறிமுகப்படுத்தறவர் தனி ரகம், அவர அடுத்த இதழ்ல வச்சுக்கறேன்.

பேச்சு கேக்கற பைத்தியம் அந்த நாட்டுக்குப் புதுசில்ல. 1826ல மாசசூசெட்ஸ்ல மில்பரிங்கற ஊர்ல ஜோசையா ஹோல்புரூக் 'லைசியம்'னு ஊர்க்காரங்க கூடிப் பேச்சு கேக்கற மன்றம் ஒண்ணு தொடங்கி, அது ஊரூரா பரவுச்சு. எழுத்தாளர் எமர்சன் வாழ்நாள்ல கிட்டத்தட்ட 1,500 தடவ பேசியிருக்கார், பொழப்பே பெரும்பாலும் அதுலதான். அவர் நண்பர், எழுத்தாளர் தோரோ, அவங்க ஊரான கான்கார்டு லைசியத்துக்குக் கொஞ்ச காலம் செயலாளர், அதாவது அடுத்தவங்க பேச ஏற்பாடு பண்ற ஆள். 1848ல அவரே அங்க எழுந்து, வரி கட்ட மாட்டேன்னு ஒரு ராத்திரி ஜெயில்ல இருந்தத வச்சுப் பேசினார் பாருங்க, அதுதான் பிறகு சட்டமறுப்புக் கட்டுரையா அச்சாகி காந்தி வரைக்கும் போச்சு. 1874ல நியூயார்க் மாநிலத்துல ஷட்டாக்வா ஏரிக்கரையில கோடைக்காலப் பேச்சு முகாம் தொடங்கின ரெண்டு பேர்ல ஒருத்தர் லூயிஸ் மில்லர், பின்னாடி எடிசனுக்கு மாமனார் ஆனவர். இதுக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தமில்ல, தெரிஞ்சத சொல்லாம இருக்க முடியல.

பக்கத்துப் பண்ணைக் காய்கறியும் நேத்து வந்த ஃபேஷன் இல்ல. 1862ல லிங்கன் கையெழுத்துப் போட்ட மோரில் சட்டம், விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லித்தர்ற கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் கொடுத்துச்சு. அதான் பல கல்லூரி ஊர்கள்ல வகுப்ப விட்டு இறங்கினா வயல். கலிஃபோர்னியால டேவிஸ் பல்கலைக்கழகமே பெர்க்லி பல்கலைக்கழகத்தோட பண்ணையா ஆரம்பிச்சதுதான். சிக்கல் என்னன்னா காலேஜ் காலண்டரும் வயல் காலண்டரும் ஜென்மப் பகை. வடக்கு மாநிலங்கள்ல மே மாசம் பசங்க ஊருக்குப் போவாங்க, அப்பதான் விதைப்பு. தக்காளி சோளமெல்லாம் முக்கால்வாசி அவங்க இல்லாதப்ப வந்துட்டுப் போயிடும். செப்டம்பர், அக்டோபர்ல போனா ஆப்பிளும் பரங்கியும் கொட்டிக் கிடக்கும். பிப்ரவரியில போனா குடோன் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும்தான், கொள்கைப் பிடிப்புள்ளவங்க மட்டும் ரெண்டாந்தடவ வாங்குவாங்க.

அதனால சாப்பாட்டுக்கு வர்றவங்கள கேவலமா பாக்காதீங்க. பாத்திரத்துக்கு முன்னாடி சின்ன அட்டை இருக்கும், எந்தப் பண்ணை, யார் சமைச்சது, கடலை கலந்திருக்கா இல்லையான்னு. அந்த அட்டைய குனிஞ்சு படிக்கறப்பதான் பேராசிரியரும் பரங்கி வித்தவரும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க, மேடைக்கு முன்னாடி அவங்க எதிரெதிர் மூலை. அங்க பல்கலைக்கழகங்கள்ல மத்தியானப் பேச்சுக்கு அவங்கவங்க பேப்பர் கவர்ல சாப்பாடு கட்டிட்டு வந்து மென்னுட்டே கேக்கற வழக்கமும் உண்டு, என் ஓட்டு அதுக்கு. வாய் நிறைய ரொட்டி இருந்தா 'சின்னதா ஒரு கருத்து' வெளிய வராது.

மகன்கிட்ட போன மாசம் யார் பேசினாங்கன்னு கேட்டுப் பாருங்க. முழிச்சா விட்டுடுங்க, சூப்பு எந்தப் பண்ணைன்னு கேளுங்க.